ஆவணப்படம் ஒரு சட்டத்தை மாற்றுமா? பெண் இயக்குநர்களின் படங்கள் சமூகத்தில் வேலை செய்யும் விதம்

2016 அக்டோபர் 6 அன்று பாகிஸ்தான் நாடாளுமன்றம் ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்தார் மன்னித்துவிட்டால் கொலையாளி தண்டனையின்றி வெளியே வந்துவிடலாம் என்றிருந்த வழியை அது அடைத்தது. குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்றது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஷர்மீன் ஒபைத் சினாய் இயக்கிய ‘எ கேர்ள் இன் தி ரிவர்’ என்ற ஆவணக் குறும்படம் அந்நாட்டுப் பிரதமரின் அலுவலகத்தில் திரையிடப்பட்டிருந்தது. சில நாட்களில் அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள், ஒரு பெண் எடுத்த படம் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றிவிட்டது என்று எழுதினார்கள்.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. ஓர் ஆவணப்படத்தின் திரையிடல் நிறுத்தப்படும்போதெல்லாம், நூறு பேர் பார்க்கும் படத்தால் என்ன ஆகிவிடப் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படம் எல்லாவற்றையும் செய்துவிட்டது என்பதும் எதையுமே செய்யாது என்பதும் ஒரே பிழையின் இரு முனைகள். படம் முடிந்த பிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதை இரு தரப்பும் கவனிப்பதில்லை. பெண் இயக்குநர்களின் படங்களை எடுத்துக்கொண்டு அந்த வழித்தடத்தை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஆவணப்படம் என்றால் என்ன

1926இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சன் ஒரு பட விமர்சனத்தில் ‘டாக்குமெண்டரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பின்னாளில் அவர் அதை, நடப்பைப் படைப்பு முறையில் கையாள்வது என்று வரையறுத்தார். அந்த வரையறையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. படத்தில் இருப்பது நடந்தது, இருப்பவர்கள் மெய்யான மனிதர்கள் என்பது ஒன்று. அதை யாரோ தேர்ந்தெடுத்து, வெட்டி, அடுக்கித் தந்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று. செய்தி, நிகழ்வு முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆவணப்படம் அதே வீட்டில், அதே தெருவில் மாதக்கணக்கில் தங்கும். அந்தத் தங்குதலால்தான் சாட்சியம் கிடைக்கிறது.

சாட்சியம் என்ற சொல்லை இங்கே வழக்காடு மன்றத்தின் பொருளில் மட்டும் கொள்ளக் கூடாது. தனக்கு நேர்ந்ததை ஒருவர் தன் வாயால், தன் முகத்தோடு, தன் மொழியில் சொல்வது சாட்சியம்; அவருக்காக வேறொருவர் விளக்கம் சொல்வது பின்னணிக் குரல். ஆவணப்பட வரலாற்றின் பெரும்பகுதியை இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியாகவே வாசித்துவிடலாம்.

1935இல் பிரிட்டனில் வெளியான ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ என்ற சிறு படத்தில், லண்டனின் நெரிசல் குடியிருப்புவாசிகள் கேமராவுக்கு முன்னால் நின்று எலித் தொல்லையையும் பூச்சித் தொல்லையையும் பற்றித் தாங்களே பேசினார்கள். அதுவரை ஏழைகள் திரையில் காட்டப்பட்டார்களே தவிர, அநேகமாகப் பேசவிடப்படவில்லை. இயக்குநர்களாக அறியப்பட்டவர்கள் ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி என்ற இரு ஆண்கள். அந்தக் குடும்பங்களோடு பழகி அவர்களைப் பேச வைத்தவர் ஜான் கிரியர்சனின் தங்கை ரூபி கிரியர்சன். அவர் உதவியாளராகவே எண்ணப்பட்டார். 1940இல், குழந்தைகளைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற கப்பலில் படமெடுக்கப் போன அவர், அந்தக் கப்பல் தாக்கி மூழ்கடிக்கப்பட்டபோது இறந்தார். ஆவணப்படத்தில் பெண்களின் பங்கைப் பேசும்போது இயக்குநர் பட்டியலை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பதற்கு அவருடைய வேலை ஒரு சான்று.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெண் எடுத்தார் என்பதாலேயே ஒரு படம் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றுவிடாது. 1934ஆம் ஆண்டு நியூரம்பர்க் நாஜிக் கட்சி மாநாட்டைப் பதிவு செய்து, ஹிட்லரைத் தேவனைப் போலத் திரையில் இறக்கிய ‘ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்’ படத்தின் இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டால் ஒரு பெண்தான். ஆகவே இந்தக் கட்டுரை இயக்குநரின் பிறப்பை அளவுகோலாகக் கொள்ளவில்லை. பெண்களுக்கு மட்டும் திறந்த சில கதவுகளையும், அவற்றின் வழியே அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையுமே பார்க்கிறது.

கருவி சிறிதானபோது

கதைப்படத் துறைக்குள் நுழையப் பெரும் மூலதனமும், ஆண்கள் நிறைந்த நீண்ட படிநிலையும் தேவைப்பட்டன. ஆவணப்படத்துக்கு அவ்வளவு தேவையில்லை. குறிப்பாக 1960களில் தோளில் வைத்துப் படம்பிடிக்கும் 16 எம்.எம். கேமராவும், அதோடு ஒத்திசைந்து ஒலியைப் பதிவு செய்யும் கையடக்கக் கருவியும் வந்த பிறகு, இரண்டு மூன்று பேரே ஒரு படக்குழு ஆனார்கள். 1967இல் சோனி நிறுவனம் ‘போர்ட்டாபேக்’ என்ற வீடியோ கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிலிம் கழுவும் கூடமும் வேண்டாம், நாள்கணக்கில் காத்திருப்பும் வேண்டாம். எடுத்ததை உடனே போட்டுப் பார்க்கலாம்.

இந்த ‘உடனே’ என்பதற்குள் என்ன இருந்தது என்பதை பிரான்சின் கரோல் ருசொபூலோஸ் காட்டினார். 1975 ஜூனில் லியோன் நகரத்துப் பாலியல் தொழிலாளர்கள், காவல்துறை அபராதங்களையும் சிறைவாசத்தையும் எதிர்த்து, செயின் நிசியே தேவாலயத்துக்குள் புகுந்து அதைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டார்கள். ருசொபூலோஸ் உள்ளே சென்று அவர்கள் பேசுவதைப் பதிவு செய்தார். பதிவான பேச்சு தேவாலயத்துக்கு வெளியே வைக்கப்பட்ட திரைகளில் தெருவில் நின்றவர்களுக்குக் காட்டப்பட்டது. அதுவரை அந்தப் பெண்களைப் பற்றி நீதிபதியும் மருத்துவரும் பாதிரியாரும்தான் பேசிவந்தார்கள். இப்போது வழிப்போக்கர் நின்று அவர்களையே கேட்க வேண்டியதாயிற்று. இங்கே படம் என்பது போராட்டம் முடிந்த பிறகு எழுதப்படும் வரலாறாக இருக்கவில்லை. அது போராட்டத்தின் ஒலிபெருக்கியாக இருந்தது.

அமெரிக்காவின் பார்பரா கோப்பிள் செய்தது வேறு வகை. கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்டத்தில், ப்ரூக்சைடு சுரங்கத் தொழிலாளர்கள் 1973இல் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாக நடத்திய வேலைநிறுத்தத்தை அவர் அங்கேயே தங்கிப் படமாக்கினார். மறியலில் நிற்கும் தொழிலாளர்களின் எண்ணிக்கையை நீதிமன்றம் கட்டுப்படுத்தியதும், அவர்களின் மனைவியர் சாலைக்கு வந்தார்கள். ‘ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.’ படத்தின் முதுகெலும்பு அந்தப் பெண்கள்தாம். கருங்காலிகளுக்குக் காவலாக வந்த ஆயுததாரிகள் ஒரு விடியற்காலையில் படக்குழுவையே தாக்கினார்கள். அப்போதும் கேமரா ஓடியது. ஆயுதம் ஏந்தியவன் தன் முகம் பதிவாகிறது என்று தெரிந்தால் சற்றுத் தயங்குவான். அந்தச் சிறு தயக்கத்துக்காகவே சில நாட்கள் கேமரா அங்கே இருக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஓர் இளம் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார், அதன் பின்னரே ஒப்பந்தம் கையெழுத்தானது. 1976இல் வெளியான படம் அடுத்த ஆண்டு ஆஸ்கர் பெற்றது. கேமரா வன்முறையைக் குறைக்கலாம், அடியோடு தடுத்துவிடாது என்பதை அந்தப் படமே பதிவு செய்திருக்கிறது.

எது பொது விவகாரம்?

பெண் இயக்குநர்களின் முக்கியமான பங்களிப்பு எது என்று கேட்டால், பொது விவகாரம் என்று எதைச் சொல்லலாம் என்ற எல்லையை அவர்கள் நகர்த்தினார்கள் என்பதே என் மதிப்பீடு. போர், தேர்தல், அணைக்கட்டு, தொழிற்சாலை ஆகியவை பொது; சமையலறை, பிரசவ அறை, கணவன் கை ஓங்குவது ஆகியவை வீட்டு விஷயம் என்ற பிரிவினை ஆவணப்படத்திலும் இருந்தது.

இந்தியாவில் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தொடங்கப்பட்டது. திரையரங்குகளில் கதைப்படத்துக்கு முன்னால் அதன் படங்கள் கட்டாயமாகக் காட்டப்பட்டன. அவற்றில் அரசு பேசும், மக்கள் கேட்பார்கள். 1980இல் தீபா தன்ராஜ் உள்ளிட்டோர் தொடங்கிய ‘யுகாந்தர்’ என்ற பெண்ணியத் திரைக்குழு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. புனேயின் வீட்டுப் பணிப்பெண்கள், நிப்பாணியின் புகையிலை ஆலைப் பெண்கள் ஆகியோரோடு சேர்ந்து, அவர்கள் எப்படித் தங்களை அமைப்பாக்கிக் கொண்டார்கள் என்பதை அக்குழு படமாக்கியது. ஹைதராபாத்தின் ‘ஸ்த்ரீ சக்தி சங்கடனா’ அமைப்போடு இணைந்து, வீட்டு வன்முறையைப் பற்றி 1983இல் ஒரு தெலுங்குப் படமும் எடுத்தது. கணவனும் அவன் குடும்பத்தாரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டதும் அதே 1983இல்தான். அந்தப் படத்தால் இந்தப் பிரிவு வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே இயக்கத்தின் வயலில் விளைந்தவை.

பின்னர் 1991இல் தீபா தன்ராஜ் எடுத்த ‘சம்திங் லைக் எ வார்’ படம் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நோக்கித் திரும்பியது. கருத்தடை முகாமில் பெண்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டு, நிமிடக் கணக்கில் அறுவை முடிந்து அகற்றப்படுவதையும், தான் செய்த அறுவைகளின் எண்ணிக்கையை மருத்துவர் பெருமையோடு சொல்வதையும் அது காட்டியது. அதற்கு எதிர்ப்புறத்தில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓர் உடலின் படத்தை வரைந்து, தங்கள் உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் குழந்தை பெறுவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசும் காட்சிகள் வருகின்றன. முகாமில் எண்ணிக்கையாக இருந்தவள் வட்டத்தில் ஆளாகிறாள். அந்தப் பேச்சு ஓர் ஆண் படக்குழுவுக்கு அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது.

அந்தப் படத்துக்குப் பின் நடந்தவற்றை வரிசைப்படுத்தினால், சமூக மாற்றம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது தெரியும்.

1. 1996 ஏப்ரலில் இந்திய அரசு கருத்தடைக்கு இலக்கு வைக்கும் முறையை நாடு முழுவதும் கைவிடுவதாக அறிவித்தது. பெண்கள் அமைப்புகளின் நெடுநாள் எதிர்ப்பும், 1994ஆம் ஆண்டின் கெய்ரோ மக்கள்தொகை மாநாடும் அதன் பின்னணியில் இருந்தன.
2. ஆனால் முகாம்கள் நிற்கவில்லை. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் முகாமுக்குப் போன பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.
3. சுகாதார உரிமைச் செயற்பாட்டாளர் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையையே நிறுத்த வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

படம் வந்த ஆண்டிலிருந்து தீர்ப்பு வந்த ஆண்டு வரை கால் நூற்றாண்டு. படம் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. முகாமுக்குள் என்ன நடக்கிறது என்பதை மறுக்க முடியாதபடி காட்டியதும், அதைப் பேசுவதற்கு ஒரு மொழியைப் பழக்கியதும் அதன் வேலை. வழக்கு நடத்தியவர்களும் பிணங்களை எண்ணியவர்களும் வேறு பலர்.

அந்த அக்டோபர் சட்டத்தில் படத்தின் பங்கு

இப்போது பாகிஸ்தானுக்குத் திரும்பலாம். ‘எ கேர்ள் இன் தி ரிவர்’ ஒரு 19 வயதுப் பெண்ணின் கதை. தான் விரும்பியவரை மணந்ததற்காகத் தந்தையும் நெருங்கிய உறவினர் ஒருவரும் அவளைச் சுட்டு ஆற்றில் எறிந்தார்கள்; அவள் பிழைத்து வந்தாள். மன்னிக்க மாட்டேன் என்று தொடக்கத்தில் உறுதியாக இருந்தவளை, ஊர்ப் பெரியவர்களின் அழுத்தம் கடைசியில் மன்னிக்க வைக்கிறது. மன்னிப்பு என்ற நல்ல சொல் நடைமுறையில் எப்படி மிரட்டலின் பெயராகிறது என்பதை எந்தச் சட்ட நூலையும்விடத் தெளிவாக அந்தப் படம் விளக்கியது.

ஆனால் சட்டம் வெற்றிடத்தில் பிறக்கவில்லை. 2004இலேயே ஆணவக் கொலை பற்றி ஒரு திருத்தம் வந்தது. மன்னிப்பு வழி மட்டும் திறந்தே விடப்பட்டது. அதை அடைக்கும் மசோதா 2015 மார்ச்சில் மேலவையான செனட்டில் நிறைவேறி, கீழவையான தேசிய அவையைத் தாண்டாமல் காலாவதியானது. ஆகவே பிரதமர் அலுவலகத்தில் படம் ஓடியபோது எழுதி முடித்த மசோதா ஒன்று கிடப்பில் இருந்தது. படம் அதன்மீது வெளிச்சத்தைத் திருப்பியது. பிறகும் மாதங்கள் கடந்தன. 2016 ஜூலையில் சமூக ஊடகங்களில் புகழ்பெற்ற கந்தீல் பலோச் தன் சகோதரனால் கொல்லப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு கடைசித் தடையை அகற்றியது.

சட்டத்துக்குப் பிறகும் ஓட்டை மீந்தது. நடந்தது ஆணவக் கொலைதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தால் மட்டுமே ஆயுள் தண்டனை கட்டாயம். வேறு காரணம் காட்டினால் பழைய மன்னிப்பு வழி மீண்டும் திறக்கிறது. கந்தீல் வழக்கில் தண்டிக்கப்பட்ட சகோதரன், தாய் மன்னித்த நிலையில், 2022 பிப்ரவரியில் லாகூர் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டான்.

வேகம் எதைப் பொறுத்தது

சில படங்களின் விளைவு விரைவாகத் தெரிகிறது. கேப்ரியேலா கௌபர்த்வெய்ட் 2013இல் எடுத்த ‘பிளாக்ஃபிஷ்’, கடற்பூங்காவில் அடைத்து வைக்கப்பட்ட ஓர்க்கா திமிங்கிலங்களின் நிலையைக் காட்டியது. 2016 மார்ச்சில், அப்பூங்காக்களை நடத்தும் சீவேர்ல்டு நிறுவனம் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. மூன்றே ஆண்டுகள். காரணம் எளிது: முடிவெடுப்பது ஒரே நிறுவனம், அதன் வருமானம் நுழைவுச்சீட்டு வாங்கும் குடும்பங்களிடமிருந்து வருகிறது, அந்தக் குடும்பங்களே படத்தின் பார்வையாளர்கள். பார்வையாளர் கோபப்பட்டால் நிறுவனத்துக்கு நேரடி நட்டம்.

சாதி, குடும்பம், மத அதிகாரம் போன்றவற்றில் நுழைவுச்சீட்டு கிடையாது. மனைவியை அடிக்கும் கணவன் பார்வையாளரின் கோபத்தால் எதையும் இழப்பதில்லை. கொடுமையால் ஆதாயம் பெறுவோர் எங்கும் பரவிக் கிடக்கும்போது, படம் தனியாக நின்று எதையும் சாதிக்காது. அப்போது அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் சங்கமோ கட்சியோ வழக்கறிஞர் குழுவோ வேண்டியிருக்கிறது.

சட்டம் இருந்தும் நடக்காதபோது: ‘கக்கூஸ்’

மலம் அள்ளும் தொழிலில் மனிதர்களை ஈடுபடுத்துவதை இந்தியா 1993இல் சட்டத்தால் தடை செய்தது. 2013இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காகிதத்தில் குறை எதுவும் இல்லை. அப்படி ஒரு தொழிலே இங்கு இல்லை என்று அதிகாரிகள் சொல்வதற்குத்தான் அந்தக் காகிதம் பயன்பட்டது.

2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படம் அந்த மறுப்பை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்குச் சென்று, தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் என்ன செய்கிறார்கள் என்பதை அது முகம் சுளிக்க இடம் தராமல் காட்டியது. இறந்தவர்களின் வீடுகளுக்குள் போனது. இந்த வேலை ஏன் குறிப்பிட்ட சாதியினர் தலையில் மட்டும் விழுகிறது என்று பெயர் சொல்லிக் கேட்டது. பெண் பணியாளர்கள் மேற்பார்வையாளர்களிடம் படும் அவமதிப்பையும் சொன்னது. இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்று திரையில் இருக்கிறது. அதற்கு மேல் மறுக்க முடியாது. சட்டம் இல்லாத இடத்தில் படம் ஒரு கோரிக்கை. சட்டம் இருந்தும் நடக்காத இடத்தில் அது ஒரு குற்றச்சாட்டு. அதனாலேயே இரண்டாவது வகைப் படத்துக்கு எதிர்ப்பு கடுமையாக இருக்கிறது.

திரையிடல்களுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் மீது வழக்குகள் பதிவாயின. 2009ஆம் ஆண்டின் மாணவர் போராட்ட வழக்கு ஒன்றில் 2017 ஜூலையில் அவர் கைது செய்யப்பட்டார். தொலைபேசியில் ஆபாச மிரட்டல்கள் வந்தன. ஆண் இயக்குநர்களுக்கும் வழக்கு வரும். மிரட்டல் உடலை நோக்கியதாக மாறுவது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். படம் யூடியூபில் வெளியாகிப் பரவலாகப் பார்க்கப்பட்டது. 2023 அக்டோபரில் இழப்பீட்டுத் தொகையை உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. இந்த மரணங்கள் இன்றும் நிற்கவில்லை.

தடை எத்தனை வடிவில் வரும்

‘படத்துக்குத் தடை’ என்ற தலைப்புச் செய்தி பல வேறு செயல்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் மூன்றும் இந்தியச் சூழலில் நடப்பவை, கடைசிக்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவிலிருந்து.

1. சான்றிதழ் மறுப்பு. 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுத் திரையிடலுக்கு ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. இலங்கை அகதிகளையும் ராமேசுவரம் மீனவர்களையும் பற்றி லீனா மணிமேகலை எடுத்த ‘செங்கடல்’, கதையும் ஆவணமும் கலந்த படம். 2011இல் சான்றிதழ் மறுக்கப்பட்டு அந்தத் தீர்ப்பாயத்தின் வழியாகவே மீண்டது. 2021 ஏப்ரலில் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. இப்போது உயர் நீதிமன்றம் போக வேண்டும். சிறிய படக்குழுவுக்கு அது பெரிய செலவு.
2. சட்டம் ஒழுங்கு. சான்றிதழே சிக்கலில்லாத இடத்திலும், அரங்கின் உரிமையாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எழுத்தில் ஆணை இல்லாததால் அதை எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை. நடைமுறையில் மிகுதியாக நடப்பது இதுதான்.
3. விழாக்களின் வடிகட்டல். 2004இல் மும்பை சர்வதேச ஆவணப்பட விழா இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழைக் கட்டாயமாக்க முயன்றது. எதிர்த்த இயக்குநர்கள் ‘விகல்ப்’ என்ற பெயரில் திரண்டு, மறுக்கப்பட்ட படங்களுக்குத் தனி விழாவே நடத்தினார்கள்.
4. முத்திரை குத்துதல். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் 1974 முதல் பெண்களுக்கென்று இயங்கிய ‘ஸ்டூடியோ டி’யிலிருந்து, அணு ஆயுதத்தை எதிர்த்து டெர் நாஷ் ஒரு குறும்படம் எடுத்தார். அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் அதைத் தடை செய்யவில்லை; ‘அரசியல் பிரச்சாரம்’ என்று அறிவித்தது. அந்தப் படம் 1983இல் ஆஸ்கர் பெற்றது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முத்திரை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

படமாக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டாரா?

தடையை எதிர்ப்பவர்கள் சில நேரம் கேட்கத் தவறும் கேள்வி இது. ஆவணப்படத்தில் வருபவர் நடிகர் அல்லர். படம் ஊர் ஊராகப் போன பிறகும் அவர் அதே தெருவில் வாழ வேண்டும். படப்பிடிப்பு நாளில் ஒப்புதல் தாளில் வாங்கிய கையெழுத்து, பத்து ஆண்டுகள் கழித்து இணையத்தில் அந்த முகம் சுற்றுவதற்கும் சேர்த்துத் தரப்பட்டதா? ஒப்புதல் ஒரு நாள் காரியமாக இருக்கக் கூடாது, படம் தொகுக்கப்பட்டதும் மறுபடி காட்டிக் கேட்க வேண்டும் என்று கருதும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். சட்டம் அதை வற்புறுத்துவதில்லை.

நிஷா பஹுஜாவின் ‘டு கில் எ டைகர்’ இந்தச் சிக்கலை அதன் முழு எடையோடு முன்வைத்தது. ஜார்க்கண்டில் 13 வயதில் கூட்டு வல்லுறவுக்கு ஆளான ஒரு சிறுமியும், அவளுக்காக வழக்கு நடத்திய தந்தையும் அதில் வருகிறார்கள். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. அந்தப் பெண் 18 வயதைக் கடந்தபின் படத்தைப் பார்த்து, முகத்தை மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்ததாகப் படக்குழு கூறுகிறது. வெட்கப்பட வேண்டியவள் அவளில்லை என்பதை அந்த முகம் சொல்கிறது என்பது ஒரு வாதம். ஒரு முறை வெளிவந்த முகத்தைத் திரும்பப் பெற முடியாது, நடிப்பல்லாத அந்தச் சிறுமியின் 13 வயதை உலகம் பார்க்கிறது என்பது மற்றொரு வாதம். இரண்டாவதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. வயது வந்த பெண்ணின் முடிவை மதிப்பது முதற்கடமை என்றாலும், அந்த முடிவை எடுக்கும்போது படப்பிடிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது என்பதும் உண்மை.

முகத்தைக் காட்டுவதில் பிரச்சினை இல்லாதபோதும் சித்திரிப்பில் பிரச்சினை எழலாம். 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் பகுதியில் தொடங்கிய ‘கபர் லஹரியா’ செய்தித்தாளின் தலித் பெண் செய்தியாளர்களைப் பற்றி, ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ 2022இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. விருது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால் கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது: ஒரே கட்சியைப் பற்றிச் செய்தி எழுதுவதே தங்கள் முக்கிய வேலை என்பதுபோலப் படம் காட்டுகிறது, இது தங்கள் கதையின் ஒரு பகுதி மட்டுமே, பகுதிக் கதை முழுக் கதையைத் திரித்துவிடும் என்றது அது. படமாக்கப்பட்டவர்களே எழுதத் தெரிந்தவர்களாக, சொந்தமாக ஓர் ஊடகம் வைத்திருப்பவர்களாக இருந்ததால் அந்த மறுப்பு உலகுக்குக் கேட்டது. பெரும்பாலான படங்களில் வருபவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

கேமரா கைமாறும்போது

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடையை ஏழைப் பெண்களின் அமைப்புகள் முன்பே தேடத் தொடங்கியிருந்தன. அகமதாபாத்தின் சுயதொழில் பெண்கள் சங்கமான ‘சேவா’, 1984இல் ‘வீடியோ சேவா’வைத் தொடங்கியது. மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் முதல் பயிற்சியை அளித்தார். காய்கறி விற்கும் பெண்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படம்பிடிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் கற்றார்கள். மனு எழுதத் தெரியாதவர், தான் கடை போடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பதிவு செய்து அதிகாரியின் மேசையில் வைக்க முடிந்தது. ஓர் ஊரின் உறுப்பினர்கள் பட்ட அனுபவத்தை வேறோர் ஊரின் உறுப்பினர்கள் பார்த்துக் கற்க முடிந்தது. இப்படங்கள் விழாக்களுக்குப் போவதைவிட, பத்திருபது பெண்கள் கூடும் கூட்டங்களுக்கே அதிகம் போயின. அவற்றின் பயனை விருதுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பகுதியின் பஸ்தாபூரை மையமாகக் கொண்ட ‘டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி’யின் தலித் பெண் சிறுவிவசாயிகளும் இதே வழியில் படக்குழுவானார்கள். மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி இந்தியாவில் 2002இல் அனுமதிக்கப்பட்டபோது, வாரங்கல் மாவட்டத்தில் அதைப் பயிரிட்டவர்களின் வயல்களைப் பருவம் முழுக்கத் தொடர்ந்து சென்று பதிவு செய்து அடுத்த ஆண்டே படமாக வெளியிட்டார்கள். விதை நிறுவனத்தின் விளம்பரத்துக்கு எதிராக ஒரு விவசாயியின் கணக்கு திரையில் நின்றது. கேள்வி கேட்டவரும் விவசாயி என்பதால், எந்த வாரத்தில் எந்தச் செடியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேமராக் கோணங்களுக்கு அந்தப் பெண்கள் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். உயரத்திலிருந்து கீழே இருப்பவரைப் பார்க்கும் கோணம் ‘பட்டேல் ஷாட்’. நிலக்கிழார் கூலிக்காரரைப் பார்ப்பது அப்படித்தான். கண்ணுக்குக் கண் நேராக, ஒரே உயரத்தில் வைத்து எடுப்பது ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் கூடும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அந்த உயரத்தில்தான்.